உன் அம்மாவுக்கு வந்தது டைபாய்டு அல்ல

தாயி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. நீ ஒன்றும் தப்பாகப் பேசிவிடவில்லை. "எல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாய். பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்றாய். திரையில் அவன் முகத்தை மட்டும் காட்டினாய். உன் முகத்தைக் கொஞ்சம் காட்டு என்று நான் கேட்டதற்கு, இங்கே வெளிச்சம் இல்லை என்றாய். பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டே, "நான் இல்லாட்டி இவன் இன்னும் நல்லா வளருவான்ப்பா, இவனுக்கு ஏத்த அம்மா நான் இல்ல" என்றாய். குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு எந்தக் குக்கர் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நீ சொன்ன வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். இதே கண்டனூர் வீட்டில், உன் அம்மா வாயிலிருந்து கேட்டேன். அப்போது நீ, உன் மகன் இப்போது இருக்கிற வயதில் இருந்தாய்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அல்லது நான் பாதியில் உடைந்துபோவேன். காலமெல்லாம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய கை இது. பில்லைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. எழுதி முடித்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மாப்பிள்ளையிடம், உன் மாமியாரிடம், உன்னைப் பார்க்கப் போகிற டாக்டரிடம், உன்னைப் போலக் கைப்பிள்ளை வைத்திருக்கிற சிநேகிதிகளிடம். இத்தனை வருஷம் இதை மூடி வைத்திருந்தோம். "அவ பிள்ளை பெறுறப்ப நானே அவளுக்குச் சொல்லுவேன், நீங்க சொல்லிராதீக" என்று உன் அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அவள் சொல்வதற்குள் போய்விட்டாள். அவள் சொல்ல வேண்டியதை இப்போது நான் சொல்கிறேன்.

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு டைபாய்டு வந்தது, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அந்தச் சமயத்தில் பெரியம்மாதான் தன் மகனுக்குக் கொடுத்த பாலை உனக்கும் கொடுத்துக் காப்பாற்றினார் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். பெரியம்மா பால் கொடுத்தது உண்மை. மதுரை ஆஸ்பத்திரியும் உண்மை. டைபாய்டு மட்டும் பொய்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது பின்னால் வந்த அம்மாவை. கல்யாணமான புதிதில் அவள் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். அறுப்பு நாளில் வயலுக்கு எல்லாருக்கும் சோறு பொங்கிக் கொண்டுபோய், தானும் கூட நின்று அறுத்துவிட்டு வருவாள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போக வேண்டும் என்று அடம்பிடித்தவள். இளையாத்தங்குடிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில்தான் பிரசவம் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். வந்தவள் வேறு ஆளாக இருந்தாள்.

முதலில் தூக்கம்தான் போனது. நீ தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். தாய்ப் பாசம் என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் அது மாறிப்போனது. உனக்குப் பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்தபடி இருப்பாள். நீ அழுதால் எழுந்திருக்க அவளுக்கு நேரமாகும். உலையில் சோறு கருகும் வாசனை வரும். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். தலை சீவவில்லை, மாற்றுச் சேலை கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "எதுக்குங்க?" என்பாள். நிஜமாகவே பதில் தெரியாத ஆள் கேட்பது போல இருக்கும். ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது, "நான் இல்லாட்டி இந்தப் பிள்ளை நல்லா இருக்கும்ல?" என்று கேட்டாள். பச்சை உடம்புச் சோர்வு என்று நினைத்தேன். ஆட்டுக்கால் வாங்கிவந்து சூப் வைக்கச் சொன்னேன். என் அத்தை ஒருத்தி கண்பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். என் அண்ணன் வீட்டிலிருந்து வந்த உன் பெரியம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இவ பார்வை சரியில்ல. கண்ணு என்னையப் பாக்குது, ஆனா நான் இருக்கிறது அவளுக்குத் தெரியல. யாருக்கிட்டயாவது காட்டுங்க" என்றார். யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாளில் இங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்து நடந்ததை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. நம் தெருவுக்கு அடுத்த தெருவில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற அந்தப் பெரிய வீடு உனக்குத் தெரியுமே, அங்கிருந்து. அந்த வாரம் அவர்கள் வீட்டில் கல்யாணம், வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேசியது அந்த வீட்டு ஆச்சி. "மோட்டார்க் கடைத் தம்பிதானே? ஒங்க வீட்டுல பிள்ளையக் கொண்டாந்து என் கையில குடுத்திருக்கா. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. அவளும் இங்குட்டுத்தான் உக்காந்திருக்கா. பதறாம வாங்க. ஆனா இப்பவே வாங்க" என்றார். அந்தக் குரலில் கோபமில்லை, கேள்வியில்லை. அதனாலேயே கடையைப் பூட்டாமல் கிளம்பினேன். காரைக்குடியிலிருந்து கண்டனூருக்கு மொபெட்டில் எப்படி வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஆச்சி வாசல் நிலையை ஒட்டி ஒரு நாற்காலியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா பந்தலின் மறுகோடியில், மூங்கில்கள் குவித்திருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"பாப்பாவ நீங்க வாங்கிக்கங்க. என் கையில குடுத்திராதீக."

"என்ன ஆச்சு? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. இவளத் தூக்கிட்டு ஊருணிக்குப் போயிட்டேன். ஏன் போனேன்னு எனக்கே தெரியல. படியில நின்னேன். எறங்கல. எறங்கலங்க, சத்தியமா எறங்கல. எனக்கு என் கையப் பாத்துப் பயம் வந்துருச்சு. அப்படியே திரும்பி ஓடியாந்து, திறந்திருந்த வீட்டுல ஆச்சிகிட்ட குடுத்துட்டேன்." பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "என்னைய எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டிப்போடுற எடமா இருந்தாலும் பரவாயில்ல. இவகிட்ட இருந்து என்னையத் தள்ளி வைங்க."

தாயி, இதைப் படித்து நீ அதிர்ச்சி அடைவாய். உன்னை ஊருணிக்குத் தூக்கிப்போன அம்மா என்று ஒரு நிமிஷம் நினைப்பாய். அந்த நிமிஷத்தைக் கடந்து யோசித்துப் பார். அவளுக்கு அன்றைக்கு எது சரி எது தப்பு என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவள் புத்தியே அவளுக்கு எதிராக நின்றது. அந்த நிலைமையிலும் படியிலிருந்து திரும்பினாள், உன்னைப் பத்திரமான கையில் கொடுத்தாள், தனக்கு வைத்தியம் வேண்டும் என்று தன் வாயால் கேட்டாள். நல்ல புத்தியோடு இருக்கிற எத்தனையோ பேர் செய்யத் துணியாத காரியம் அது. உன் அம்மாவைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையிலேயே பெரிய பெருமை அந்த மத்தியானத்தைப் பற்றியதுதான். நீ பிறந்ததால் அவளுக்கு இது வந்தது என்றும் எண்ணாதே. மழை நாளில் காய்ச்சல் வந்தால் மழையைக் குற்றவாளி ஆக்குவோமா?

மறுநாளே மதுரைக்குப் போனோம். உன்னைப் பெரியம்மா வாங்கிக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். உன் அம்மாவிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இது ஒரு நோய். பிரசவத்துக்குப் பின்னாடி சில பேருக்கு வரும். பேயும் கிடையாது, பாவமும் கிடையாது. மருந்து இருக்கு, குணமாகும். ஆனா ஒரு நாளில் ஆகாது. இவங்களத் தனியா விடக் கூடாது, தூங்க வைக்கணும், குத்திக் காட்டக் கூடாது" என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. நோய் என்று ஒருத்தர் பெயர் சொன்னதே போதுமாக இருந்தது.

ஆனால் லேசில் குணமாகவில்லை. ஆரம்பத்தில் மாத்திரை அவளை இன்னும் மோசமாக்கியது போலத்தான் இருந்தது. வாய் வறண்டது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூங்கினாள். விழித்தால் அழுதாள், அல்லது அழக்கூட இல்லாமல் கிடந்தாள். மார்பில் பால் கட்டி வலியில் துடித்தபோது, "அவ இப்ப யாருகிட்ட குடிக்கிறா?" என்று கேட்டாள். மதினியிடம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் மாமா, அவளுடைய அண்ணன், ஊரிலிருந்து சண்டைக்கு வந்தார். "என் தங்கச்சியப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டாந்து போட்டுட்டீகளா? நாளைக்கு எங்க வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா? எந்திரி, ஒரு கோயில் இருக்கு, அங்க கொண்டுபோய் ஒரு மண்டலம் வச்சா எல்லாம் எறங்கிரும்" என்று அவள் கையைப் பிடித்தார். நான் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள். அத்தனை நாளில் அவள் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு அது. "அண்ணே, அவுக கொண்டாரல. நான்தான் கேட்டு வந்தேன். நீ ஊருக்குப் போ." அவர் போய்விட்டார். வெகுகாலம் எங்களோடு பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் உன்னைத் தொடவில்லை. பெரியம்மா உன்னைப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டால், கொஞ்சம் தள்ளி உட்காருவாள். பெரியம்மா கட்டாயப்படுத்தவில்லை. தினமும் அவள் பக்கத்தில் வைத்தே உன்னைக் குளிப்பாட்டுவார், வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் சோப்பு கண்ணில் பட்டு நீ வீறிட்டபோது, அம்மா தன்னை அறியாமல் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீங்க என் கைக்கு அடியில கை வச்சுக்கங்க" என்றாள். பெரியம்மா கையை வைத்துக்கொள்ள, உன்னை வாங்கினாள். "கனத்துட்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கொல்லையில் இருக்கிற மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

நோய் போய்விட்டது. ஊர் விடவில்லை. ஆச்சி மூச்சு விடவில்லை. அந்தப் புண்ணியவதி சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பந்தல் வேலைக்காரர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதை மூடத்தான் டைபாய்டு என்று சொல்லிக்கொண்டோம். யாரும் நம்பவில்லை. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் கேட்கவுமில்லை. அவர்கள் செய்தது வேறு. விசேஷ வீடுகளில் கைப்பிள்ளையை ஒருவர் மடியிலிருந்து ஒருவர் மடிக்கு மாற்றிக் கொஞ்சுவார்கள் அல்லவா? உன் அம்மா பக்கம் வரும்போது அந்தப் பிள்ளை அவளைத் தாண்டி அடுத்த மடிக்குப் போய்விடும். "அம்மாவுக்கு மத்தவுக பிள்ளையத் தூக்கவே பிடிக்காது, சுத்த மோசம்" என்று நீ பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் கேலி செய்வாய். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பிடிக்காமல் இல்லை, தாயி. யாரும் அவளிடம் கொடுக்கவில்லை.

அதோடு வாழ்ந்தாள். எப்படி வாழ்ந்தாள் என்பதைத்தான் நீ இப்போது தெரிந்துகொள்ள வேண்டும். வேளைக்குச் சாப்பிட்டாள். பசிக்கவில்லை என்றாலும் சாப்பிட்டாள்; வயிறு காய்ந்தால் மனசும் சேர்ந்து கீழே போகிறது என்பாள். இரண்டாவது பிள்ளை ஒன்று வேண்டும் என்று உறவுக்காரர்கள் நச்சரித்தபோது வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தூக்கம் கெடுகிற எந்தக் காரியத்தையும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் திருவிழாவில்கூடக் கண்விழிக்க மாட்டாள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். காலையில் எழுந்து நடப்பாள். எங்கே நடப்பாள் தெரியுமா? அந்த ஊருணிக் கரைக்குத்தான். ஏன் அங்கே என்று நான் கேட்டதற்கு, "பயந்து ஒதுங்குனா அது பெருசாகிக்கிட்டே போகும். தினம் பாத்துட்டா அது வெறும் தண்ணிதான்" என்றாள். மாத்திரையை டாக்டர் குறைக்கச் சொன்னபோது குறைத்தாள். நிறுத்தச் சொல்லாதபோது நிறுத்தவில்லை. நல்லாத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு என்று வீட்டு ஆட்களே கேட்டார்கள். நானும் ஒருமுறை கேட்டேன். "நல்லா இருக்கிறதே அதனாலதாங்க" என்றாள்.

இன்னொன்றும் செய்தாள். காலையில் காப்பி கொடுக்கும்போதே தன் நிலைமையை எனக்குச் சொல்லிவிடுவாள். "இன்னைக்கு லேசா இருக்கு" என்பாள். அல்லது "இன்னைக்குக் கனமா இருக்கு" என்பாள். ஏன் என்று நான் கேட்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு. கனம் என்றால் அன்றைக்குச் சமையல் நான், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது நான், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பேசி அனுப்புவது நான். அவள் படுத்திருப்பாள், அல்லது கொல்லையில் எதையாவது கொத்திக்கொண்டிருப்பாள். அப்பா ஏன் சில நாள் சமைக்கிறார் என்று நீ கேட்டதில்லை. நான் வைக்கிற புளிக்குழம்பு உனக்குப் பிடிக்கும் என்பதால் உனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். இந்த ஏற்பாட்டில்தான் உன்னை வளர்த்தோம், படிக்க வைத்தோம், சென்னைக்கு வேலைக்கு அனுப்பினோம்.

இப்போது அவள் சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்து சட்டென்று போய்விட்டாள் என்றுதான் உனக்குத் தெரியும். சட்டென்று இல்லை. அதற்கு முன்பே முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி என்றாள். வாசல் பெருக்கினால் மூச்சு வாங்குகிறது என்றாள். "இது வேற மாதிரி இருக்குங்க, இது கனம் இல்ல, இது உடம்பு" என்றாள். அவளுக்குத் தன் உடம்பும் மனசும் பிரித்துத் தெரியும். அத்தனை வருஷப் பழக்கம். கூட்டிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர், வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "பயம்தான். மனசுல பதற்றம் இருக்கிறவங்களுக்கு இப்படித்தான் தோணும். கேஸ் ட்ரபிளாவும் இருக்கலாம்" என்றார்.

"ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துரலாமா சார்?" என்று கேட்டேன்.

"தேவையில்லைங்க. அப்படி எடுக்க ஆரம்பிச்சா வாராவாரம் ஒரு வலியோட வருவாங்க" என்றார், அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க.

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என் பேச்சு இனி எங்கயும் எடுபடாதுங்க. வலிக்குதுன்னு சொன்னாக்கூட பழைய கணக்குல எழுதிருவாக" என்றாள். வேறு டாக்டரைப் பார்ப்போம், மதுரைக்கே போவோம் என்றேன். அறுப்பு முடியட்டும், திங்கட்கிழமை போவோம் என்றாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே, காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது, சமையல்கட்டில் விழுந்தாள். நான் வந்து தூக்கியபோது உயிர் இல்லை. நீ ரயிலில் வந்து சேர்ந்தாய். டாக்டரிடம் போனோம் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பாய். பிடித்திருக்கலாம் என்று இப்போது சில நாள் தோன்றுகிறது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

அவள் போன பிறகு நான் கடையைத் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை ஏறியது, காலில் புண் வந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். ஆறாமல் போகட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் பயந்துபோனேன். எது என் வீட்டுக்குள் மறுபடி நுழைகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். பழைய டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார், வேறொருவர் பார்த்தார். உன் அம்மா சாப்பிட்ட மாதிரி நானும் மாத்திரை சாப்பிட்டேன். புண்ணுக்கும் மருந்து போட்டேன். இரண்டும் ஆறின. மீசை வைத்த ஆம்பிளை மனசுக்கு மாத்திரை சாப்பிட்டான் என்று ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சைக் கேட்டதும் நான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். அவர் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினார். "மாமா, அவ தூங்கவே மாட்டேங்கிறா. பிள்ளை தூங்கினாலும் உக்காந்தே இருக்கா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. எங்க அம்மா, நாங்க பெறாத பிள்ளையாங்கிறாங்க. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல, பயமா இருக்கு மாமா" என்று அழுதார். அவர்மேல் உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். அவர் பயந்தது சரியான பயம். உன் அம்மாவுக்கு வந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும் மாமா?" என்பதுதான். உனக்கு நல்ல இடத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் நான் நேராக ஒன்று கேட்கிறேன். அப்பா மகளிடம் கேட்கிற கேள்வி இல்லை இது; இருந்தாலும் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று உன் கையைப் பார்த்து உனக்குப் பயம் வருகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும், இதைப் படிக்கிற இந்த நிமிஷமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. அவர் கையில் பிள்ளையைக் கொடு. அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எங்களுக்காகக் காத்திருக்காதே. இரண்டும் இல்லை, வெறும் அசதி, வெறும் வெறுமை என்றாலும் அதுவும் நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு. டாக்டரிடம் குறைத்துச் சொல்லாதே. உன் அம்மாவைப் பற்றியும் சொல். உடம்பில் எங்கே வலித்தாலும் அதைத் தனியாகச் சொல். மனசு என்று தள்ளிவிட்டால், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அழுத்திக் கேள். அவர் கேட்கவில்லையென்றால் எழுந்து வேறொருவரிடம் போ. திங்கட்கிழமை வரை எதையும் தள்ளிப்போடாதே.

மாப்பிள்ளை நாளை மறுநாளுக்கு ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறார். நானும் உன் பெரியம்மாவும் நாளைக் காலை ரயிலில் வருகிறோம். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, ஏறி இறங்க முடியாது, வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அவளுக்குப் பால் குடுத்தவ நான். என்னைய வரவேணாம்னு சொல்ல நீங்க யாரு?" என்று சண்டை போட்டுப் பையைக் கட்டிவிட்டார். நீ தூங்கிக் கண் தெளிகிற வரை அங்கேதான் இருக்கப்போகிறோம். பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உன்னை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. இது எத்தனை நாளில் சரியாகும், எப்படிச் சரியாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல உனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. கூட இருக்க வருகிறேன்.

நாங்கள் வருகிறோம் என்று வீட்டைப் பெருக்காதே. எதுவும் சமைத்து வைக்காதே. முகம் கழுவ முடியவில்லை, தலை சீவ முடியவில்லை என்றால் அப்படியே இரு. மணி அடித்தால் வந்து கதவை மட்டும் திற, தாயி.

அப்பா